அனாயிக்கு ஒரு டப்பா ப்ரோக்கோலி

குவெங்கா,
பிப்ரவரி 5, 2023

நெலிதாவுக்கு,

போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம். பேருந்து அலுவலகத்தில் பார்சல் வாங்குகிற பெண் "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். "தங்கச்சி மகளுக்கு ஒரு ஜோடி ஷூ, கொஞ்சம் சீஸ்" என்றேன். கடிதத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது கேட்டிருப்பாள்.

ஆஸ்பத்திரி நடையில், அத்தனை பேர் முன்னால், உன்னைப் பார்த்து "மூளை இருக்காடி உனக்கு?" என்று கத்தியது தப்பு. கத்தியதுதான் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. அம்பாத்தோவில் ஏதோ ஒரு ஓட்டலில், நாற்காலி போட்டு, ஜூஸ் கொடுத்து, மிரேயா என்கிற ஒருத்தி பேசுகிறாள். வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறாள் என்பதால் நீங்கள் எல்லாரும் அவளை டாக்டர் என்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ப்ரோக்கோலி கேப்சூல் கொடுத்தால் பேச்சு வரும் என்கிறாள். சரி, அதுவரை விற்கிறவள் பேச்சு. "வலிப்பு மாத்திரை உடம்புல இருந்தா இது வேலை செய்யாது, பாதியாக்கிடுங்க" என்று சொன்னாளே, அது என்ன பேச்சு? நீயும் பாதியாக்கினாய். ஒன்பதாவது நாள் அனாயி பஸ்ஸில் விழுந்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்கிறேன். ஏழு வயதுக் குழந்தையின் வலிப்பு மாத்திரையைத் தாங்களாகவே குறைத்தவர்கள் இரண்டாவது தடவை அதைச் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவையிலேயே பயந்துவிடுவார்கள். நீ பயந்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

முழு மாத்திரை கொடுக்கிறாயா, இல்லையா? ஒரு வரி போதும். பார்சல் வந்து சேர்ந்ததா என்றும் எழுது.

சொய்லா

*

லத்தகுங்கா,
பிப்ரவரி 19

அக்கா,

ஷூ வந்தது. சிறியது. அவள் கால் வளர்ந்துவிட்டது, நீ பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தாயே என்பாய். அங்கே நீ அவள் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய்.

முழு மாத்திரைதான் கொடுக்கிறேன். அன்றிலிருந்தே. நீ சொன்னதற்காக இல்லை. அவள் வாயோரம் நுரை வந்ததைப் பார்த்தது நான். பஸ்ஸில் ஒருத்தர்கூட இடம் விட்டு எழுந்திருக்கவில்லை, எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நான் பயந்தேனா என்று கேட்கிறாய். கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

உனக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்கவும் மாட்டேன்.

என் நாள் என்னவென்று உனக்குத் தெரியுமா? ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸ். எட்டு மணி நேரம் தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்று ப்ரோக்கோலிப் பூவைக் கத்தியால் பிரிக்கிறேன். பிறகு அது கொதிநீருக்குள் போய் வந்து, உறைந்து, பைக்குள் போய், கப்பலேறிவிடுகிறது. என் முடியில், நகத்தில், தலையணையில் அந்த நெடி. வீட்டுக்கு வந்து அனாயியைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் அப்பா எல்லை தாண்டிப் போய் நாலு வருஷம் ஆகிறது. போன வாரம்கூட ஒரு பொம்மையின் படம் அனுப்பினான். பொம்மை இல்லை, பொம்மையின் படம்.

பெல்ட்டில் எனக்கு எதிரே நிற்கிற ஹெர்லிந்தா போனில் காட்டினாள். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆஸ்பத்திரியில் இதே ப்ரோக்கோலியை வைத்து ஆட்டிசத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார்களாம். "நாம வெட்டுறதுதான்டி, நம்ம பிள்ளைக்குத்தான் கெடைக்கலை" என்றாள். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கத்தி சரியாக ஓடவில்லை.

அதனால் கேள். கேப்சூல் நான் கொடுக்கத்தான் போகிறேன். மிரேயாவிடம் போகக்கூடாது என்றால் நீ தேர்ந்தெடுத்துக் கொடு. மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷம் நிற்கிறவள் நீதானே? உன்னால் முடியாது என்றால் அம்பாத்தோ எனக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

நெலிதா

*

குவெங்கா,
மார்ச் 12

நெலிதா,

பிள்ளை இல்லை என்று எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுதப்போவதில்லை.

நீ கேட்டதைச் செய்தேன். மூன்று டப்பா வரவழைத்தேன். முதலாவதில் "ப்ரோக்கோலித் தூள்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அது காயவைத்து அரைத்த காய், அவ்வளவுதான். சூப்பில் போடலாம். இரண்டாவது மிரேயா விற்கிறது. பெரிய எழுத்தில் ஒரு குழந்தை சிரிக்கிறது, சின்ன எழுத்தில் பதினான்கு மூலிகை. எது எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. அளவு சொல்லாதவன் எதையும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். மூன்றாவது விதையிலிருந்து எடுத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் பேசுவது சல்ஃபோராஃபேன் என்கிற ஒரு பொருளைப் பற்றித்தான். அது செடியில் அப்படியே இருப்பதில்லை. வெட்டும்போது, மெல்லும்போது, செடியிலேயே உள்ள இன்னொரு பொருள் அதை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த இன்னொன்று செத்துப்போகும். உங்கள் தொழிற்சாலையில் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகு பெரும்பாலும் போய்விடும். அதனால் நீ வெட்டுவதைத் திருடிக்கொண்டு வந்து கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. மூன்றாவது டப்பாவில் மூலப்பொருளும் இருக்கிறது, அந்த இன்னொன்றும் இருக்கிறது, எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, வெளியே ஒரு ஆய்வுக்கூடத்தில் சோதித்த சீட்டும் இருக்கிறது. எதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் அதுதான்.

கீட்டோவில் அனாயியைப் பார்க்கிற நரம்பு டாக்டருக்கும் போன் செய்தேன். இது நிரூபணமானது இல்லை என்றார். சிலரிடம் ஏதோ கொஞ்சம் நல்லது தெரிந்ததாம், பிறகு குழந்தைகளிடம் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லையாம். இதை நீ இரண்டு தடவை படி.

டப்பா இதோடு வருகிறது. காலை உணவுக்குப் பிறகு ஒன்று. பிரிக்காதே, கலக்காதே, முழுசாக விழுங்கட்டும். வலிப்பு மாத்திரை இத்தனை வருஷமாக விழுங்குகிறாள், இதையும் விழுங்குவாள். கொடுத்த பிறகு அரை மணி நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனி. போன், டிவி வேண்டாம். ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் குறித்துக்கொள். வலிப்பு மாத்திரை முழுசாக, நேரம் தவறாமல். அதில் ஒரு நாள் தவறினாலும் அடுத்த டப்பா வராது.

சொய்லா

*

லத்தகுங்கா,
ஏப்ரல் 23

என் அக்கா,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த வரியை அடித்திருக்க வேண்டும். உனக்குப் பிள்ளை இல்லை என்ற வரியை.

இரண்டாவது ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். காலையில் கேப்சூல் கொடுத்துவிட்டு அரை மணி என்றாய், நான் ஒரு மணி உட்காருகிறேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. வழக்கம் போல ஃப்ரிட்ஜ் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அதன் சத்தத்தோடு சேர்ந்து அவளும் ம்ம்ம் என்று. நானும் போய் மறுபக்கம் கன்னத்தை வைத்தேன். வேறு என்ன செய்வது? பதினோராவது நாள் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் பின்னால் உள்ள சுவரை இல்லை. என்னை.

குறித்து வைத்திருக்கிறேன், நீ சொன்ன மாதிரியே. ஏப்ரல் 3: தண்ணீர்க் குடத்துக்கு என் கையைப் பிடித்து இழுத்தாள். ஏப்ரல் 9: தலைவாரும்போது கத்தவில்லை, முனகினாள். ஏப்ரல் 15: "அ-வா" என்றாள். தண்ணீருக்கு இங்கே என்ன சொல்வோம், "அகுவா" தானே? ஹெர்லிந்தாவிடம் சொன்னேன். "சும்மா கொட்டாவி விட்டிருப்பா" என்றாள். "உன் வாயைக் கழுவு" என்றேன். இரண்டு பேரும் பெல்ட்டை நிறுத்துகிற அளவுக்குச் சிரித்தோம். மேற்பார்வையாளர் வந்து திட்டினார்.

நீ தேர்ந்தெடுத்தது சரியான டப்பா. மிரேயாவின் டப்பாவைக் குப்பையில் போட்டேன். அடுத்தது அனுப்பு.

உன் நெலிதா

(போனில் உன் எண்ணைத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இப்படி எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.)

*

குவெங்கா,
மே 2

நெலிதா,

படித்தேன். கடையில் வைத்துப் படித்துவிட்டு, இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தைக் கொடுத்திருக்கிறேன். நல்ல வேளை, திரும்பி வந்து மாற்றிக்கொண்டார்.

எனக்கு நன்றி சொல்லாதே. ஒன்றை யோசித்துப் பார். நாலு வருஷமாக அவள் காலையில் எழும்போது நீ வீட்டில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறாய். பக்கத்தில் உட்காருகிறாய். அவளோடு ஃப்ரிட்ஜில் கன்னம் வைக்கிறாய். ஆட்டிசப் பிள்ளைகளுக்கான மையத்திலும் வாரம் நாலு காலை அவளுக்கு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேப்சூல் பெயரையே ஏன் சொல்ல வேண்டும்?

இரண்டாவது டப்பா இதோடு. கூடவே ஷூ, இந்தத் தடவை இரண்டு அளவு பெரியது.

சொய்லா

*

லத்தகுங்கா,
ஜூன் 11

அக்கா,

சந்தோஷமான செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

அனாயியைச் செப்டம்பரில் ஊர்ப் பள்ளியில் சேர்க்கிறேன். மற்றப் பிள்ளைகள் போகிற பள்ளி. தலைமையாசிரியை முதலில் தயங்கினார். நான் நோட்டைக் காட்டினேன், தேதி போட்டு எல்லாம் இருக்கிறதே. "இவ்வளவு முன்னேறியிருந்தா முயற்சி பண்ணலாம் செஞ்ஞோரா" என்றார். பள்ளியும் மையமும் ஒரே நேரம் என்பதால் மையத்தில் அவள் இடத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அங்கே காத்திருக்கிறவர்கள் எவ்வளவோ பேர். ஒரு பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் பெருமையாக அழுதேன்.

ஹெர்லிந்தாவின் அண்ணன் மகனுக்கும் இதே கேப்சூல் வேண்டுமாம். இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள். நாலு டப்பா அனுப்ப முடியுமா?

உன் நெலிதா

*

குவெங்கா,
ஜூன் 20

நெலிதா,

நல்லது.

மற்றவர்களுக்கு அனுப்ப முடியாது. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்கட்டும். அனாயிக்கு மூன்றாவது டப்பா இதோடு வருகிறது.

பள்ளிச் சீருடைக்கு நீல ஸ்வெட்டர் என்றால் நான் பின்னித் தருகிறேன். தோள் அளவு அனுப்பு.

கடையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

சொய்லா

*

லத்தகுங்கா,
செப்டம்பர் 30

திருமதி சொய்லா அவர்களுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பதினேழு நாள் பள்ளிக்குப் போனாள்.

முதல் நாள் மணி அடித்தபோதே பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். அழைத்துக்கொண்டு வரச் சொல்லிப் போன் வந்தது. பழகிவிடும் என்றேன். இரண்டாவது வாரம் தன் கையையே கடித்துக்கொண்டாள், ஸ்வெட்டர் கையில் இரத்தம். பிள்ளைகள் அவளுக்கு "ஃப்ரிட்ஜ்" என்று பெயர் வைத்தார்கள், ம்ம்ம் என்று அவளை மாதிரியே செய்து காட்டினார்கள். டீச்சர் கெட்டவர் இல்லை. "செஞ்ஞோரா, எனக்கு முப்பத்தெட்டுப் பேர். நான் யாரைப் பார்க்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். 

மையத்துக்குப் போனேன். பட்டியலில் நாற்பத்தொன்றாவது இடம்.

அதற்கடுத்த நாள் காலை கேப்சூல் கொடுத்தேன். அவள் எதையும் விழுங்குகிற நிலையில் இல்லை. கடித்துத் துப்பினாள். கன்னத்தில் வெள்ளையாக வழிந்தது. துணியால் துடைத்தேன். துடைத்த துணியை ஏன் முகர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நெடியும் இல்லை.

எட்டு மணி நேரம் ப்ரோக்கோலிக்குள் நிற்கிற மூக்கு இது. அழுகியதா, முற்றியதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். டப்பாவில் மிச்சம் இருந்த பதினாறையும் தட்டில் பிரித்துக் கொட்டினேன். நாக்கில் வைத்தேன். கொஞ்சம் மடித்து எடுத்துக்கொண்டு போய் ஹெர்லிந்தாவிடம் காட்டினேன், எதுவும் சொல்லாமல். அவள் முகர்ந்துவிட்டு, "அரிசி மாவு மாதிரி இருக்கு, கொழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுறியா?" என்றாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கம்பெனி உங்களை ஏமாற்றியதா, நீங்கள் என்னை ஏமாற்றினீர்களா?

நெலிதா

*

குவெங்கா,
அக்டோபர் 8

நெலிதா,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். சரி.

கம்பெனி ஏமாற்றவில்லை. நான்தான்.

மார்ச்சில் எழுதியதெல்லாம் உண்மை. மூன்று டப்பா, சோதனைச் சீட்டு, எல்லாம். டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் எழுதினேன். மீதியை இப்போது எழுதுகிறேன். "முன்னாடி வலிப்பு வந்த பிள்ளைக்கு இதுல ஜாக்கிரதையா இருக்கணும். இந்தக் கொழந்தைக்கு நான் குடுக்கச் சொல்ல மாட்டேன்" என்றார். அதை உனக்கு எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? "அக்கா தர மாட்டேங்குறா" என்று அம்பாத்தோவுக்குப் பஸ் ஏறியிருப்பாய். ஏறுவேன் என்று நீயே எழுதியிருந்தாய். அவள் மறுபடி மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லியிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுபது கேப்சூலையும் பிரித்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, அரிசி மாவு நிரப்பினேன். அடுத்த இரண்டு டப்பாவிலும் அதையே செய்தேன். ஒரு கெடுதலும் செய்யாத ஒன்றைக் கொடுத்து, அதைச் சாக்கு வைத்து வலிப்பு மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்க வைக்கலாம், அவள் பக்கத்தில் உன்னை உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று மாதத்தில் ஒரு பலனும் இல்லை என்று நீயே நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். பலன் தெரிகிறது என்று நீ எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? என் அக்கா என்று எழுதியிருந்தாய். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

பிப்ரவரியிலிருந்து அவளுக்கு வலிப்பு வரவில்லை. அதை மட்டும் பார் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் கூசுகிறது.

சொய்லா

*

லத்தகுங்கா,
அக்டோபர் 15

சொய்லா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் ஒரு தேதி இல்லை. ஜூன் 11.

மார்ச்சில் நீங்கள் செய்ததை, கோபம் எல்லாம் ஆறி ஒரு நாள், நான் புரிந்துகொள்ளக்கூடும். பஸ்ஸில் அவள் விழுந்ததைப் பார்த்தவள் நான். உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஆனால் ஜூன் 11 அன்று நான் உங்களுக்கு எழுதினேன், மையத்தின் இடத்தை விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. அப்போதே நீங்கள் உண்மையைச் சொல்லி, ஜூன் முடிவதற்குள் நான் மையத்துக்குப் போயிருந்தால் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். மையத்தில் இருக்கிற பெண் சொன்னாள்: "ஜூன் முடியற வரைக்கும் உங்க ஃபைல் என் மேசையிலதான் இருந்துச்சு, நீங்க ஏன் வரலை?" உங்கள் ஜூன் 20 கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "நல்லது" என்று எழுதி, தோள் அளவு கேட்டிருக்கிறீர்கள்.

அதில் என்ன பயம் இருந்தது? அனாயிக்கு வலிப்பு வரும் என்ற பயமா? இல்லை. தங்கச்சி மறுபடி கோபித்துக்கொள்வாள் என்ற பயம். அதற்கு என் மகளின் இடத்தைக் கொடுத்துவிட்டீர்கள்.

நீங்கள் மாவு கொடுத்தது அனாயிக்கு இல்லை. எனக்கு. அவளுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. நான்தான் விழுங்கிவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசினேன், நோட்டில் தேதி போட்டேன். இப்போது அந்த நோட்டை எடுத்தால் எது நடந்தது, எது நான் ஆசைப்பட்டுப் பார்த்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாளா? "அ-வா" என்றாளா, கொட்டாவியா? ஒரு அம்மாவுக்குத் தன் கண்ணின் மேல் இருக்கிற நம்பிக்கையை எடுத்துவிட்டு, வலிப்பு வரவில்லை பார் என்கிறீர்கள்.

ஹெர்லிந்தா கேட்டாள், "அக்காவை விட்டுரப் போறியா?" என்று. விட்டுவிட்டால் உங்களுக்குச் சுலபம். அங்கே உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவீர்கள்.

கேளுங்கள். மையத்தில் இடம் கிடைக்க ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை அவளுக்கு வாரம் நாலு காலை இல்லை. எனக்கு இரண்டாவது ஷிஃப்டை எடுத்துவிட்டார்கள், காலை ஆறு மணிக்கே போக வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவி அவளை டிவி முன்னால் உட்கார வைக்கிறாள். அந்த நாலு காலையை அவளிடமிருந்து எடுத்தது நீங்கள். வந்து திருப்பிக் கொடுங்கள். மையத்தின் டீச்சர் வாரம் ஒரு நாள் வந்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். நான் உங்களோடு பேசமாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். ஒரு கட்டில் இருக்கிறது.

நெலிதா

*

குவெங்கா,
அக்டோபர் 24

நெலிதா,

கடையில் சொல்லிவிட்டேன். முதலாளியம்மா, "இருபத்திரண்டு வருஷத்தை விட்டுட்டுப் போறியே, திரும்பி வந்தா இந்த இடம் இருக்காது" என்றார். தெரியும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். அழைக்க வர வேண்டாம்.

ஜூனைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

சொய்லா

*

சமையலறை மேசையில்,
நவம்பர் 2

சாவி சன்னல் விளிம்பில். வலிப்பு மாத்திரை காலை ஏழு, மாலை ஏழு. நீலக் கிண்ணத்தில் மட்டும்தான் சாப்பிடுவாள். உரித்த சோளம் வெந்து பானையில் இருக்கிறது. வேறு எந்த மாத்திரையும், தூளும், சத்துமாவும் என் வீட்டுக்குள் வரக்கூடாது.

நெ.

*

சமையலறை மேசையில்,
நவம்பர் 3

நீலக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள். கீறல் விழுந்திருக்கிறது, உடையவில்லை. நான் பையைத் திறந்து காட்டி மேசையில் கொட்டி வைத்திருக்கிறேன். துணிமணி, கம்பளி நூல், என் இரத்த அழுத்த மாத்திரை. பார்த்துக்கொள்.

சொ.

*

சமையலறை மேசையில்,
நவம்பர் 16

கிண்ணம் வேறு வாங்கக் கூடாது. கீறல் இருந்தாலும் அதுதான். டீச்சர் வியாழக்கிழமைதோறும் வருவார். உங்கள் இருமல் எனக்குக் கேட்கிறது, தைலம் அலமாரியில் இருக்கிறது.

நெ.

*

சமையலறை மேசையில்,
நவம்பர் 29

நெலிதா,

இன்றைக்கு நடந்தது.

ஒன்பதரைக்கு கேஸ் சிலிண்டர் விற்கிற வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தது. நம் வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. அனாயி அலறினாள். என் முகத்தில் அடித்தாள், கண்ணாடி விழுந்து உடைந்தது. வண்டி போன பிறகும் நாற்பது நிமிஷம் அழுதாள். டீச்சர் சொன்ன எதுவும் பலிக்கவில்லை. நானும் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றேகாலுக்கு வண்டி திரும்பி அதே வழியாக வந்தது. தூரத்தில் கேட்கும்போதே அவள் எழுந்து என்னிடம் வந்தாள். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் இரண்டு காதிலும் வைத்து அழுத்திக்கொண்டாள். வண்டி போகும் வரை அப்படியே நின்றாள். பிறகு கையை உதறிவிட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள்.

இதற்கு நான் பெயர் எதுவும் வைக்கவில்லை. முன்னேற்றம் என்று எழுதவில்லை. நாளைக்கு இது நடக்காமல் போகலாம். பார்த்ததை எழுதினேன்.

சொய்லா

*

சமையலறை மேசையில்,
நவம்பர் 30

கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை வரை தாங்கும்.

பார்த்ததை மட்டும் எழுதுவதாக இருந்தால் தினமும் எழுது.

நெ.